40 வெள்ளி சட்ட வகுப்பு: எது தப்பு, எது குற்றம், வடை எப்பிடி

வடை சூடா இருந்துச்சு, மைக்கு வேலை செய்யல. ரெண்டையும் மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த வகுப்ப பத்தி என்கிட்ட விசாரிக்கிறவங்க எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க, "சாப்பாடு குடுத்தாங்களாக்கா, பேசுனது காதுல விழுந்துச்சாக்கா"ன்னு. விழுந்துச்சு, மூணாவது வரிசைக்குள்ள உக்காந்தா.

விஷயம் என்னன்னா நம்ம மலேசியாவுல, சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தையில (2007-லயே பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தியாச்சு, ஆனா எங்க தோட்டத்து லயத்துல இருந்து வந்த யாரும் வாய் தவறிக்கூட அப்பிடி சொல்லி நான் கேட்டதில்ல) கோயில் மண்டபத்துல நாலு ஞாயித்துக்கிழமை, காலையில ஒன்பதரைலருந்து பன்னண்டரை வரைக்கும், குற்றம்னா சட்டப்படி என்ன, அதுல என்னென்ன வகை இருக்குன்னு ஒரு வகுப்பு நடத்துனாங்க. வாட்ஸ்ஆப்ல நோட்டீஸ் வந்துச்சு. ஆளுக்கு 40 வெள்ளி (ரிங்கிட்), தே ஓ (பால் போடாத டீ), வடை, நோட்ஸ் எல்லாம் சேத்து. நடத்துனவங்க பேர போடல, ஏன்னா கொற சொல்லப்போறேன், சின்ன ஊரு, நாளைக்கு பாசார்ல மூஞ்சிக்கு மூஞ்சி பாக்கணும். பாடம் எடுத்தது ரெண்டு பேரு, கோர்ட்டுல பல வருஷம் மொழிபெயர்ப்பாளரா இருந்து ரிட்டயர் ஆன ஒரு ஐயா, அப்புறம் ஒரு சின்ன வயசு லோயர் பொண்ணு. நான் யாருன்னா செம்பனை எண்ணெய் மில்லுல டிம்பாங் (எடை போடுற) கவுண்டர்ல உக்காந்திருக்கறவ, 19 வருஷமா. லோரி ஏறும், எடை போடுவேன், சீட்டு கிழிச்சி குடுப்பேன். சட்டத்துக்கும் எனக்கும் ரோட்டு அபராத சம்மன் கட்டுறது தவிர வேற சம்பந்தமே இல்லன்னு நெனச்சிட்டிருந்தவ.

போனதுக்கு காரணம் வேற. போன வருஷம் கூட்டுல, அதாவது ஆளாளுக்கு சேந்து போடுற சீட்டுப் பணத்துல, எனக்கு 2,400 வெள்ளி போச்சு. கூட்டு புடிச்சவங்க ராத்திரியோட ராத்திரியா வீட்ட காலி பண்ணிட்டாங்க. பாலாய்க்கு (போலீஸ் ஸ்டேஷனுக்கு) போய் ரிப்போர்ட் போடலாமா வேணாமான்னு ஆறு மாசமா மனசுக்குள்ளயே அரைச்சிட்டிருந்தேன், சரி 40 வெள்ளிதானே, போய் கேட்டுடலாம்னு போனேன். அந்தக் கதைக்கு பொறவு வரேன்.

மொத நாள் ஒன்பதரைக்கு ஆரம்பிக்கலைங்க. பத்தே காலுக்குத்தான். முக்கா மணி நேரம் பொன்னாடை, மாலை, வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. 40 வெள்ளி குடுத்து ஆறு பேருக்கு பொன்னாடை போத்துறத பாத்தேன். இத படிக்கிற நிகழ்ச்சி நடத்துற அண்ணன்மாரே, கைய கூப்பி கேக்குறேன், சட்டம் கத்துக்க வந்தவங்களுக்கு சட்டத்த குடுங்க, பொன்னாடைய வீட்டுக்கு அனுப்பி வைங்க.

ஆனா அந்த ஐயா எழுந்து நின்னு பேச ஆரம்பிச்ச ஒடனே கோவமெல்லாம் போயிடுச்சு. மைக்க ஓரமா வெச்சிட்டு வெறும் தொண்டையிலயே பேசுனாரு, கோர்ட்டுல பேசி பழகுன தொண்டை. வெள்ளை போர்டுல "தப்பு"ன்னு எழுதிட்டு, உங்களுக்கு தெரிஞ்ச பெரிய தப்பெல்லாம் சொல்லுங்கன்னாரு. ஆளாளுக்கு கத்துனாங்க. பெத்தவங்கள பாக்காம விடுறது, கடன் வாங்கிட்டு திருப்பி குடுக்காதது, பொய் சொல்றது, பொண்டாட்டிய அடிக்கிறது, இன்னொருத்தன் பொண்டாட்டியோட ஓடுறது, குடிச்சிட்டு கோயிலுக்கு வர்றது, சாமி நகைய திருடறது. போர்டு நெறஞ்சிடுச்சு. பொறவு சிவப்பு மார்க்கர எடுத்து ஒவ்வொண்ணா அடிச்சாரு பாருங்க. கடன் திருப்பி குடுக்காதது, அடிச்சிட்டாரு. வெறுமனே பொய் சொல்றது, அடிச்சிட்டாரு. எங்க பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அக்காவுக்கு ஆத்தரமே வந்துடுச்சு, "ஏன்யா, பொய் சொல்றது தப்பில்லையா?"ன்னு. ஐயா சொன்னாரு, "தப்புதாம்மா, நான் இல்லன்னே சொல்லல, ஆனா புருஷன்கிட்ட சொன்னா தப்பு, போலீஸ் ரிப்போர்ட்ல எழுதி கையெழுத்து போட்டா குற்றம், அதுக்கு 182-ன்னு தனியா ஒரு பிரிவே இருக்கு."

அதுதான் அவரோட மொத்த பாடத்துக்கும் அச்சாணி. குற்றம்னா மனசாட்சிக்கு விரோதமானது இல்ல, ஊரு காறித்துப்புறது இல்ல. ஏதாவது ஒரு எழுதி வெச்ச சட்டத்துல, இத செஞ்சா இன்ன தண்டனைன்னு இருக்கணும். நம்ம கானுன் கெசெக்ஸாஆன்ல, அதாவது தண்டனைச் சட்டத்துல, 40-ஆவது பிரிவு இததான் சொல்லுது, தண்டனைக்குரியதா ஆக்கப்பட்ட விஷயம்தான் குற்றம். எழுதாதது எவ்ளோ அசிங்கமா இருந்தாலும் குற்றம் இல்ல. அதோட இன்னைக்கு சட்டம் போட்டு நேத்து செஞ்சதுக்கு உள்ள தள்ள முடியாது, அரசியலமைப்புச் சட்டத்துல 7-ஆவது விதி அத தடுக்குது.

இதுக்கு அவரு காட்டுன உதாரணம் எனக்கு இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது. 2023, ஒரே வருஷம். தற்கொலைக்கு முயற்சி பண்றது 309-ஆவது பிரிவுப்படி குற்றமா இருந்துச்சு, அந்த வருஷம் அத எடுத்துட்டாங்க. அதே வருஷம் ஒருத்தர விடாம பின்தொடர்ந்து தொந்தரவு பண்றது, ஸ்டாக்கிங்குனு சொல்றாங்களே, அது 507ஏ-ன்னு புதுசா குற்றமா உள்ள வந்துச்சு. அது வரைக்கும் ஒரு பையன் தெனமும் ஒரு பொண்ணு வேலை செய்யிற கடை வாசல்ல வந்து நின்னா "நின்னானா, தொட்டானா, மெரட்டுனானா"ன்னுதான் கேப்பாங்க. இப்ப அதுக்கு மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. ஒரு பக்கம் ஒடிஞ்சு போனவங்கள குற்றவாளின்னு சொல்றத விட்டுட்டாங்க, இன்னொரு பக்கம் ஒருத்தி பயந்து பயந்து வாழ்றது அவ தலையெழுத்துன்னு சொல்றத விட்டுட்டாங்க. எங்க லயத்துல முன்ன ஒரு அண்ணன் அப்பிடி பொழச்சு எழுந்து வந்தப்ப அவரு வீட்டம்மா ஆஸ்பத்திரி செலவ விட போலீஸ் கேஸுக்குத்தான் அதிகமா பயந்தாங்க. இது அந்தம்மாவுக்கு தெரிஞ்சிருக்குமான்னு நெனச்சிட்டே வடைய கையில வெச்சிட்டிருந்தேன், ஆறியே போச்சு.

இன்னொண்ணு, இதுவும் மொத நாள்தான். குற்றம்னா அது உங்களுக்கும் எனக்கும் நடுவுல உள்ள சண்டை இல்லியாம். என் சங்கிலிய அறுத்தா வலி எனக்கு, ஆனா கேஸ் போடுறது நாடு. கேஸ் போடலாமா வேணாமா, நடத்தலாமா நிறுத்தலாமாங்குற அதிகாரம் தலைமை வழக்கறிஞர் கையில. நம்ம ஆளுங்க "நான் கேஸ வாபஸ் வாங்கிட்டேன்"னு சொல்றாங்களே, அது நம்ம கையில இல்ல. கன்னத்துல அறைஞ்சது மாதிரி சின்ன கேஸ்ல அடி வாங்குனவரே சமாதானம் ஆகிக்கறதுக்கு சட்டத்துலயே எடம் இருக்கு, பெருசுக்கெல்லாம் அது நடக்காது. ரெண்டு சம்பந்தி வீடும் சேந்து வந்து கைய குலுக்கிட்டு, "ஐயா நாங்க ராசியாயிட்டோம்"னு சொன்னாலும் கோர்ட்டு "சந்தோஷம், ஒக்காருங்க, கேஸ் நடக்கட்டும்"னு சொன்னத நானே மொழிபெயர்த்திருக்கேன்னாரு. மண்டபமே சிரிச்சுது.

ரெண்டாவது பாதியில பிஜி கதை. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே 40 வெள்ளிய குடுக்கலாம்.

தோட்டத்துக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, வெளியூரு ஆளுங்களுக்காக சொல்றேன், செம்பனை குலை பழுத்தா மரத்தடியில பழம் உதிர்ந்து கெடக்கும், அதத்தான் பிஜிங்கறது. அதுலதான் எண்ணெய் அதிகம். ஐயா கேட்டாரு: ஒரு பாட்டி, தோட்டத்துல 40 வருஷம் வேலை செஞ்ச பாட்டி, சாயங்காலம் உர சாக்க எடுத்துட்டு போயி மரத்தடியில உதிர்ந்து கெடக்குற பிஜிய பொறுக்கி வந்து விக்கிறாங்க. குற்றமா? பாதி பேரு இல்லன்னாங்க. கீழ கெடக்குறது, வீணாத்தானே போகுது, பாட்டி வெச்ச மரம்தானேன்னு. ஐயா எதயும் அடிக்கல, 378-ஆவது பிரிவ மெதுவா தமிழ்ல சொன்னாரு. அசையும் பொருளு, இன்னொருத்தர் கைவசத்துல இருக்கறது, அவரு சம்மதம் இல்லாம, நேர்மையில்லாத எண்ணத்தோட, எடுக்கறதுக்காக நகத்துறது. எல்லாம் ஒண்ணா சேந்தாத்தான் திருட்டு, ஒண்ணு கொறஞ்சாலும் இல்ல. மரத்துல இருக்குற குலை பூமியோட ஒட்டுன பொருளு, அது வரைக்கும் அசையும் பொருளே இல்ல, அரிவாள் போட்டு வெட்டி கீழ விழுந்த நொடியிலருந்து அது திருடக்கூடிய பொருளு. கீழ கெடக்குற பிஜி ஏற்கனவே அந்த நெலைக்கு வந்தாச்சு. தோட்டத்து எல்லைக்குள்ள கெடக்குறது தோட்டத்து கைவசம்தான், வீணாப்போனாலும் அவங்களுதுதான் வீணாப்போகுது.

அப்ப பாட்டி திருடியான்னு ஒரு தம்பி கேட்டான். இங்கதான் மனசுங்குறது வருதுன்னாரு ஐயா. கை செஞ்சது மட்டும் போதாது, மனசும் கூட இருக்கணும். மண்டோரு (கங்காணி) "பொறுக்கிக்கோ பாட்டி"ன்னு முன்ன சொல்லியிருந்து, அந்த நம்பிக்கையில பொறுக்கியிருந்தா, அங்க நேர்மையில்லாத எண்ணம் எங்க இருக்கு? அதே பாட்டி ஜாகாவ (காவக்காரர) கண்டதும் சாக்க கால்வாயில தள்ளிட்டு ஓடுனா, அந்த ஓட்டமே சாட்சி சொல்லும். ஒரே சாக்கு, ஒரே பழம், மனசு மாறுனா சட்டத்துல பேரு மாறிப்போவுது. திருட்டுக்கு 379-ல ஏழு வருஷம் வரைக்கும் போகலாம்னு சொன்னப்ப மண்டபத்துல ஒரு சத்தமும் இல்ல. அவ்ளோ குடுக்கவே மாட்டாங்க பாட்டிக்கு, அது உச்சவரம்பு, ஆனா எழுத்துல இருக்கு.

மனசே வேணாங்குற குற்றமும் இருக்குன்னு போற போக்குல சொன்னாரு, ரோட்டு சம்மன் மாதிரி, "நான் கவனிக்கல சார்"னு சொன்னா கதை ஆகாது. அத இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம், விட்டுட்டாரு.

அப்புறம் என்னையே பாத்து சொன்னா மாதிரி ஒண்ணு சொன்னாரு, என் வேலை அவருக்கு தெரியாது, தற்செயல்தான். "பாட்டிய விடுங்க, அத வாங்குனவன் யாரு? எடை போட்டவன் யாரு?" 411. திருட்டுப் பொருளுன்னு தெரிஞ்சு வாங்குனா மட்டும் இல்ல, அப்பிடி நம்பறதுக்கு காரணம் இருந்தும் வாங்குனா அதுவும் குற்றம். எனக்கு அடிவயித்துல ஏதோ பண்ணுச்சு. மில்லு சட்டப்படி எம்.பி.ஓ.பி. (மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம்) லைசன்ஸ் உள்ளவங்க பழத்தத்தான் எடுக்கணும், நாங்களும் அப்பிடித்தான் எடுக்குறோம், பேப்பர் எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆனா பேப்பர் வேற கண்ணு வேற. ஆறு மணிக்கு மேல, மழை விட்ட நேரத்துல, ஒரு பழைய பிக்கப்பு வரும். மேல நல்லா செவந்த குலை நாலு, கீழ எல்லாம் கருப்பா, காயா, காம்பு ஒரு சாண் நீளத்துக்கு, தார்ப்பாய இழுத்து மூடி. சொந்த தோட்டம் வெச்சிருக்கறவன் காய வெட்ட மாட்டான், அவனுக்குத்தானே நட்டம். ராத்திரியில அவசர அவசரமா வெட்டுனவன்தான் கைக்கு கெடச்சத வெட்டுவான். இது டிம்பாங்ல உக்காந்திருக்குற எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் கிரேடிங்ல கழிச்சிட்டு சீட்ட கிழிச்சி குடுத்துடுவோம். "நம்பறதுக்கு காரணம்"ங்குற ரெண்டு வார்த்தைக்கு 19 வருஷமா நான் அர்த்தம் தெரியாம இருந்திருக்கேன்.

ரெண்டாவது ஞாயிறு, குற்றத்தோட வகைகள். உண்மைய சொல்லணும்னா இது ரொம்ப இழுவை. லோயர் பொண்ணு நல்ல பொண்ணு, விஷயம் தெரிஞ்ச பொண்ணு, ஆனா ஸ்லைட் எல்லாம் மலாய்ல, எழுத்து எறும்பு மாதிரி, ஸ்லைட பாத்தே படிச்சாங்க. எனக்கு ஏறுன வரைக்கும் சொல்றேன். அமெரிக்கா படத்துல வர்ற ஃபெலனி, மிஸ்டிமீனர் கணக்கெல்லாம் இங்க கெடையாது, ஒரு தம்பி அதத்தான் கேட்டான். அந்தப் பிரிவினைய இங்கிலாந்துலயே 1967-ல சட்டம் போட்டு எடுத்துட்டாங்களாம். நம்ம தண்டனைச் சட்டம் யாருக்கு எதிரா செஞ்சதுன்னு பாத்து அத்தியாயம் பிரிச்சிருக்கு: நாட்டுக்கு எதிரா, பொது அமைதிக்கு எதிரா, மனுஷ உடம்புக்கு எதிரா, சொத்துக்கு எதிரா, இப்பிடி. போதைப்பொருளு, வட்டிக்கு விடறது, சூதாட்டம் இதெல்லாம் தனித்தனி சட்டத்துல இருக்கு. ஆலோங் (கந்துவட்டிக்காரன்) விஷயத்துல ஒண்ணு கேட்டு ஆச்சரியப்பட்டேன், லைசன்ஸ் இல்லாம வட்டிக்கு விடறவன்தான் குற்றவாளி, வாங்குனவன் இல்ல. நம்ம ஆளு வாங்கிட்டு தான்தான் குற்றவாளி மாதிரி கொல்லப்பக்கமா ஓடி ஒளியிறான்.

ஆனா ஊருக்கு நெஜமாவே உபயோகமானது அடுத்த பிரிவு. போலீஸ் வாரண்டு இல்லாம புடிக்கலாம்ங்குற குற்றம், வாரண்டு வேணும்ங்குற குற்றம். எது எதுன்னு குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்கு பின்னாடி ஒரு அட்டவணையே இருக்கு. மத்த சட்டத்துல உள்ள குற்றத்துக்கு பொதுவா மூணு வருஷம் ஜெயிலுங்குறதுதான் கோடு, அதுக்கு மேல போனா வாரண்டு வேணாம், கீழ இருந்தா வேணும். ஏன் இது முக்கியம்னா, கல்யாண மண்டபத்துல மச்சான் மச்சான அறைஞ்சிடறாரு, நம்ம ஆளு ரிப்போர்ட் போடறாரு, போலீசு ஜீப்ப எடுத்துட்டு பறந்து வந்து புடிக்கும்னு வாசல்லயே நிக்கிறாரு, வரல. ஒடனே "காசு வாங்கிட்டான்". காசும் இல்ல ஒண்ணும் இல்ல. வெறும் கையால அடிக்கிறது 323, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயிலு, இல்ல 2,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும், வாரண்டு இல்லாம புடிக்க முடியாத வகை. ஆனா அதே அடி வீட்டுக்குள்ள பொண்டாட்டி மேல விழுந்தா கதை வேற. வீட்டு வன்முறைச் சட்டம் 1994-ல வந்துச்சு, பின்னால திருத்தி, வீட்டு வன்முறை சம்பந்தப்பட்ட குற்றம் எல்லாம் வாரண்டு இல்லாம புடிக்கிற வகைன்னு ஆக்கிட்டாங்க. "இது வீட்டு விஷயம் நாங்க தலையிட முடியாது"ன்னு யாராச்சும் சொன்னா இத சொல்லுங்கன்னாங்க லோயர் பொண்ணு. ஸ்லைட பாக்காம பேசுன அஞ்சு நிமிஷம் அதுதான், ரொம்ப நல்லா பேசுனாங்க, அப்பிடியே மூணு மணி நேரமும் பேசியிருந்தா 5 ஸ்டார் குடுத்திருப்பேன்.

ஜாமீன் பிரிவும் இருக்கு. ஜாமீன் உரிமையா கெடைக்கிறது, கோர்ட்டு மனசு வெச்சா கெடைக்கிறது. (மலாய்லயும் அது ஜாமின்தான், நமக்கு மொழிபெயர்ப்பே வேணாம்.) தூக்கு, ஆயுள் தண்டனை வரைக்கும் போற குற்றம்னா ஜாமீன் ரொம்ப கஷ்டம், ஆனா பொம்பளைங்க, 16 வயசுக்கு கீழ உள்ளவங்க, சீக்காளிங்களுக்கு கோர்ட்டு பாத்து குடுக்கலாம். எந்த கோர்ட்டுங்குறதும் குற்றத்தோட கனத்த பொறுத்தது. மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல பொதுவா பத்து வருஷத்துக்கு மேல போகாத குற்றம், செஷன்ஸ்ல தூக்கு தவிர எல்லாம், தூக்கு வரைக்கும் போறது ஐகோர்ட்டு. கொலைக்கு முன்ன கட்டாய தூக்கு, 2023-லருந்து நீதிபதி தூக்குக்கு பதிலா 30-லருந்து 40 வருஷம் ஜெயிலும் பிரம்படியும் குடுக்கலாம். இதுக்கு நேர் எதிர்க்கோடியில 1955-ஆம் வருஷத்து சின்னக் குற்றச் சட்டம், அசிங்கமா திட்டி சண்டைக்கு இழுத்தா 100 வெள்ளி வரைக்கும் அபராதம். எங்க லயத்துல ஒரு வாரத்துக்கு வசூல் பண்ணா கோயிலுக்கு கும்பாபிஷேகமே பண்ணிடலாம்.

மூணாவது ஞாயிறுதான் நான் காத்திட்டிருந்தது. கடனா, மோசடியா? ஐயாவே திரும்பவும் வந்தாரு. "ஃபோர் ட்வென்டின்னா என்ன?"ன்னாரு. எல்லாரும் கோரஸா "ஏமாத்துக்காரன்"ன்னோம். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல. மெக்காலே தலைமையில எழுத ஆரம்பிச்சு 1860-ல இந்தியாவுக்கு சட்டமா வந்த தண்டனைச் சட்டத்துல மோசடிக்கு 420-ஆவது பிரிவு, அதே சட்டத்தத்தான் வெள்ளைக்காரன் கடல் தாண்டி இங்கயும் கொண்டு வந்து வெச்சான், நம்பரு கூட மாத்தல. கப்பல்ல நம்ம தாத்தா பாட்டி மட்டும் வரல, 420-உம் கூடவே வந்திருக்கு. இதுல வேடிக்கை, இந்தியாவுல 2024 ஜூலை 1-லருந்து பழைய சட்டத்த எடுத்துட்டு புதுசு போட்டுட்டாங்க, அங்க மோசடி இப்ப 318. இங்க இன்னும் 420-தான். இனிமே அசல் ஃபோர் ட்வென்டி நம்ம நாட்டுலதான் கெடைக்கும்னாரு.

கடன் வாங்கும்போது திருப்பி குடுக்குற எண்ணத்தோடதான் வாங்குனான், பொறவு வேலை போச்சு, குடுக்க முடியல, அது குற்றம் இல்ல, சிவில். வாங்கும்போதே பொய்ய சொல்லி, குடுக்குற எண்ணமே இல்லாம வாங்குனான்னா அது மோசடி. நம்பி ஒப்படைச்ச காச எடுத்து தனக்கு செலவு பண்ணிட்டா அது நம்பிக்கை மோசடி, 406, ஒரு வருஷத்துலருந்து பத்து வருஷம் வரைக்கும் ஜெயிலு. பணம் போனது ஒண்ணுதான், ஆனா போகும்போது அவன் மனசுல என்ன இருந்துச்சுங்குறதுதான் எந்த கதவ தட்டணும்னு முடிவு பண்ணுது. 5,000 வெள்ளி வரைக்கும் சின்ன கடன் வழக்க லோயர் இல்லாம மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல நாமளே போடலாம். சம்பளம் பாக்கின்னா பாலாய் வேணாம், லேபர் ஆபீஸ், ஆனா சம்பளம் குடுக்காதது முதலாளிக்கு வேலைவாய்ப்புச் சட்டப்படி குற்றமும்கூட. ஒரே விஷயம் சிவிலாவும் இருக்கலாம், குற்றமாவும் இருக்கலாம்.

சரின்னு கைய தூக்குனேன். ஐயா, கூட்டு புடிச்சவங்க ஓடிட்டா? அவரு கொஞ்ச நேரம் என்னையே பாத்தாரு. பொறவு கேட்டாரு, "இங்க கூட்டு போடுறவங்க எத்தன பேரு?" பொம்பளைங்க பக்கம் முக்காவாசி கை எந்திரிச்சுது. "கூட்டு நடத்துறவங்க?" எந்திரிச்ச கையில ரெண்டு மூணு அப்பிடியே நின்னுச்சு, பெருமையா. அப்பத்தான் அவரு போர்டுல எழுதுனாரு, 1971, சட்டம் 28, கூட்டு நிதித் தடைச் சட்டம். இங்கிலீஷ்லயும் அதுக்கு பேரு கூட்டுதான், சட்டத்துக்குள்ள கூட்டு, சீட்டு, சிட் ஃபண்டு, சீனவங்க ஹுவெய், எல்லா பேரயும் போட்டு இதுல எந்த பேருல வந்தாலும் சரின்னு எழுதியிருக்கான். அத தொழிலா நடத்துறது குற்றம். நின்னுட்டிருந்த கையெல்லாம் கீழ எறங்குன வேகம் இருக்கே, அத நீங்க நேர்ல பாத்திருக்கணும். நம்ம பாஷையில உள்ள ஒரு சொல்லு மலேசியா சட்டத்தோட தலைப்புல இருக்குன்னு பெருமைப்படுறதா, அது எதுக்கு இருக்குன்னு வெக்கப்படுறதான்னு தெரியல. எங்க அம்மா காலத்துலருந்து கல்யாணம், காதுகுத்து, மோட்டாருக்கு முன்பணம், எல்லாமே கூட்டுக் காசுதான்.

என் விஷயத்துக்கு பதில் எனக்கு புடிக்கல, ஆனா நேர்மையான பதிலு. ரிப்போர்ட் போடலாம், மொதலுலருந்தே ஏமாத்தற எண்ணம் இருந்துச்சுன்னு காட்ட முடிஞ்சா 420. ஆனா காச திருப்பி கேட்டு சிவில் கோர்ட்டுக்கு போனா மொத கேள்வியே "இது என்ன காசு"ன்னு வரும், சட்டம் தடுத்த ஏற்பாட்டுல போட்ட காசுக்கு கோர்ட்டு கை குடுக்கறது கஷ்டம்னாரு. ரிப்போர்ட் போட்டு நாலு வாரம் ஆயும் சத்தம் இல்லன்னா, வாரண்டு இல்லாம புடிக்கிற வகை குற்றத்துக்கு, விசாரணை எந்த நெலையில இருக்குன்னு எழுதி கேக்கலாம், ரெண்டு வாரத்துல பதில் குடுக்கணும், 107ஏ பிரிவு. இத சின்ன துண்டு பேப்பர்ல எழுதி குடுத்தாரு, அந்த பேப்பரு இன்னும் என் பர்ஸ்ல இருக்கு. ரிப்போர்ட் போட்டேனா? போட்டேன். மிச்சத்த வந்தா சொல்றேன்.

நாலாவது ஞாயிறு பெரிய ஏமாத்தம். பன்னண்டரை வரைக்கும்னு சொல்லி பதினொண்ணே காலுக்கே முடிச்சிட்டாங்க, மண்டபத்த மத்தியானம் ஒரு சடங்குக்கு விட்டிருந்தாங்களாம், நாங்க உக்காந்திருக்கும்போதே பின்னாடி பலூன் கட்டுறாங்க. முக்கியமானது எல்லாம் அன்னைக்குத்தான். பத்து வயசுக்கு கீழ உள்ள பிள்ளை என்ன செஞ்சாலும் குற்றம் ஆகாது, பத்துலருந்து பன்னண்டுக்குள்ள வெவரம் புரியாத பிள்ளைக்கும் விதிவிலக்கு இருக்கு. புத்தி சுவாதீனம் இல்லாதவங்க, தன்னைக் காப்பாத்திக்க அடிச்சவங்க, இதெல்லாம் பத்தே நிமிஷத்துல பறந்துச்சு. புடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும், ரிமாண்டு 14 வருஷத்துக்கு கொறஞ்ச தண்டனைக் குற்றம்னா மொதல்ல நாலு நாளு பொறவு மூணு நாளு, 14-உம் அதுக்கு மேலயும்னா ஏழும் ஏழும். எதுக்கு புடிச்சாங்கன்னு சொல்லணும், வீட்டுக்கும் லோயருக்கும் போன் பண்ண விடணும், காசு இல்லாதவங்களுக்கு தேசிய சட்ட உதவி அறக்கட்டளை இருக்கு, 2011-ல ஆரம்பிச்சது. பின்வரிசையில ஒரு அம்மா, அவங்க மவன் லோக்காப்ல இருந்திருப்பான்னு நெனைக்கிறேன், நோட்டுல எழுதுறாங்க எழுதுறாங்க, பேச்சு வேகத்துக்கு கை ஓடல. கைய தூக்குனாங்க. "நேரம் இல்லம்மா, வெளிய வந்து கேளுங்க"ன்னு சொல்லிட்டாங்க. வெளிய லோயர் பொண்ணு காருல ஏறிட்டாங்க. ஐயாதான் அஞ்சடியில (தாழ்வாரத்துல) செருப்ப மாட்டிட்டே அந்தம்மாகிட்ட அரை மணி நேரம் நின்னு பேசுனாரு. பொன்னாடை அவருக்கு யாரும் போத்தல.

நோட்ஸ பத்தி கேக்காதீங்க. மலாய்ல, பன்னண்டு பக்கம், கடைசி மூணு பக்கம் மை இல்லாம வெளுத்துப்போயி. வகுப்பு தமிழ்ல, நோட்ஸ் மலாய்ல, இதுக்கு 40 வெள்ளியில ஒரு பத்து வெள்ளி போயிருக்கும். நான் என் கையால தமிழ்ல எழுதுனது ஒரு நோட்டு இருக்கு, வேணும்ங்கறவங்க மில்லு கேட்டுக்கு வந்து வாங்கி போட்டோ எடுத்துக்குங்க, ஜாகாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.

மொத்தத்துல ஐயாவுக்கு 5-க்கு 5, லோயர் பொண்ணுக்கு ஸ்லைடு இருக்கும்போது 2, இல்லாதப்ப 4, ஏற்பாட்டுக்கு 2. வடைக்கு 4, ஏன் 5 இல்லன்னா மூணாவது வாரம் உப்பு கொறச்சல். பணம் போடறதுக்கு முன்ன ஐயா எத்தன வாரம் எடுக்குறாருன்னு கேட்டுட்டு போடுங்க.

அந்த பிக்கப்பு ஒரு செவ்வாக்கிழமை திரும்பவும் வந்துச்சு, அதே நேரம், அதே தார்ப்பாய். தார்ப்பாய அவுக்க சொன்னேன், லைசன்ஸு யாரு பேருல இருக்கு, தோட்டம் எங்க, எத்தன ஏக்கருன்னு கேட்டேன். "என்னக்கா புதுசா?"ன்னான். புதுசுதான் தம்பின்னேன். எடை போடாமலே ரிவர்ஸ் எடுத்துட்டு போயிட்டான். சூப்பர்வைசர் அடுத்த நாளு கூப்புட்டு ஏன் ஒரு லோடு கொறஞ்சுதுன்னு கேட்டாரு, 411-னு சொன்னேன், அவருக்கு புரியல, அடுத்த வகுப்புக்கு அவர அனுப்பலாம்னு இருக்கேன், 40 வெள்ளிய நானே கட்டிடறேன். அடுத்த வகுப்பு தீபாவளி முடிஞ்சுன்னு சொல்லியிருக்காங்க. போறவங்க எடது பக்கமா உக்காருங்க, வலது பக்கம் ஃபேன் சுத்தல.